பின்னோக்கிச் சுழலும் சக்கரம், கண்முன் மறையும் ரயில்

ரயில் சிமுலேட்டர் ஓட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு புகார் தவறாமல் வரும்: “என் வண்டி ஒழுங்காத்தான் ஓடுது, எதிர்ல வர்ற ஏஐ வண்டிதான் படுத்துது.” பெட்டியின் பெயர்ப்பலகை மினுக்குகிறது. சக்கரம் பின்னோக்கிச் சுற்றுகிறது. இரண்டு பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டு ஓடுகின்றன. யார்டுக்குள் போன ரயில் சட்டென்று காணாமல் போகிறது. உடனே கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் விளையாட்டையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். பெரும்பாலும் இரண்டுமே வீண் வேலை.

இங்கே ஏஐ என்பது சாட்ஜிபிடி வகையறா அல்ல. இங்கிலாந்தின் குஜு நிறுவனம் உருவாக்கி, 2001-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘ட்ரெயின் சிமுலேட்டர்’ காலத்திலேயே இந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது. இந்த வழியில் போ, இந்த நேரத்துக்கு இந்த நிலையத்தில் நில், சிக்னல் சிவப்பானால் காத்திரு என்று எழுதி வைத்ததைச் செய்யும் ரயில், அவ்வளவுதான். அந்த விளையாட்டுக்காக ஆர்வலர்கள் செய்து குவித்த இன்ஜின்களும் பெட்டிகளும் பாதைகளும் இன்று ‘ஓப்பன் ரெயில்ஸ்’ என்ற இலவச மென்பொருளில் ஓடுகின்றன. நாம் பார்க்கப் போகும் கோளாறுகளில் பலவும் அந்தப் பழைய கோப்புகளோடு வந்தவைதான்.

ஏஐ ரயிலின் மேல் விழும் பழியில் பெரும்பகுதி அநியாயம். நம் ரயிலை நாம் கேபினுக்குள் உட்கார்ந்து பார்க்கிறோம். அதன் சக்கரத்தையோ ஏழாவது பெட்டியின் மூலையையோ பார்ப்பதே இல்லை. ஏஐ ரயில்தான் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புள்ளியாகத் தொடங்கி, வளர்ந்து, பக்கவாட்டில் முழு நீளத்தையும் காட்டிக்கொண்டு கடந்து போகிறது. ஆகவே குறை எங்கே இருந்தாலும் நம் கண்ணில் படுவது அதன் மேல்தான்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஓப்பன் ரெயில்ஸில் பாதையைச் சும்மா சுற்றிப் பார்க்கும் ‘எக்ஸ்ப்ளோர்’ முறையில், தகராறு செய்த அதே பெட்டித் தொடரை எடுத்து நீங்களே ஓட்டிப் பாருங்கள். வெளிக் கேமராவில் பார்க்கும்போதும் அதே கோளாறு இருந்தால், ஏஐ குற்றவாளி இல்லை. அதன் பிறகு கேட்க வேண்டியது கோளாறு எப்படித் தெரிகிறது என்பதை அல்ல. எப்போது தெரிகிறது என்பதை. தூரத்தைப் பொறுத்து மாறுகிறதா, வேகத்தைப் பொறுத்தா, இடத்தைப் பொறுத்தா?

தூரத்தைப் பொறுத்து மாறும் மினுக்கலை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் உடலில் பெயர்ப்பலகையை ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தனித் தகடாக ஒட்டியிருப்பார் மாடல் செய்தவர். எது முன்னால், எது பின்னால் என்று முடிவுசெய்ய, கிராபிக்ஸ் கார்டு திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் தூரத்தைக் குறித்து வைக்கிறது. இந்தக் குறிப்புக்கு ‘டெப்த் பஃபர்’ என்று பெயர். வழக்கமான 24 பிட் கணக்கில் அதற்கு ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் படிகள். ஏராளம்போலத் தோன்றும். ஆனால் அவை சமமாகப் பங்கிடப்படுவதில்லை. கேமரா 10 சென்டிமீட்டரிலிருந்து பார்க்கத் தொடங்குகிறது என்றால், முதல் 20 சென்டிமீட்டருக்குள்ளேயே பாதிப் படிகள் தீர்ந்துவிடும். 130 மீட்டர் தூரத்தில் ஒரு படியின் அளவு ஒரு சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அந்தத் தூரத்தில் பலகையும் பெட்டியும் கணினிக்கு ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஒரு பிரேமில் பலகை ஜெயிக்கும், அடுத்ததில் பெட்டி ஜெயிக்கும். நமக்கு அது மினுக்கல்.

கேமராவின் தொடக்கத்தை 10 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குத் தள்ளினால், அதே பலகை 400 மீட்டர் வரை பிசகாமல் தெரியும். ஆனால் கேபினுக்குள் கைக்கெட்டும் பிரேக் பிடியும் கடிகாரமும் அறுபட்டுப் போகும். மாடல் செய்பவர் பலகையைத் தகடாக ஒட்டாமல், பெட்டியின் மேல்பூச்சுப் படத்திலேயே வரைந்துவிடுவதுதான் சரியான மருந்து. ஓட்டுகிறவர் எந்த டிரைவரைப் புதுப்பித்தும் இது போகாது.

வேகத்தைப் பொறுத்து வருவது சக்கரக் கோளாறு. மைக்ரோசாஃப்டின் விளையாட்டில் வந்த ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ நீராவி இன்ஜினின் பெரிய சக்கரத்துக்கு விட்டம் 2.03 மீட்டர், ஒரு சுற்றுக்கு 6.4 மீட்டர் ஓடும். கணக்குக்காக 20 ஆரக்கால் என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆரக்கால்களுக்கு இடையே 18 பாகை. திரை நொடிக்கு 60 பிரேம் காட்டுகிறது. மணிக்கு 69 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு மூன்று சுற்று, அதாவது பிரேமுக்குச் சரியாக 18 பாகை. ஓர் ஆரக்கால் இருந்த இடத்தில் அடுத்தது வந்து நிற்கும். சக்கரம் அசையாததுபோல் இருக்கும். வேகம் 65-க்கு இறங்கினால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றும். இதில் வேடிக்கை என்னவென்றால், சக்கரங்களை இணைக்கும் தண்டு மட்டும் முன்னோக்கியே சுழன்றுகொண்டிருக்கும். ஆரக்காலின் தோற்றம் 18 பாகைக்கு ஒரு முறை திரும்ப வருகிறது. தண்டின் தோற்றம் முழுச் சுற்றுக்கு ஒரு முறைதான் வருகிறது. பழைய படங்களில் குதிரை வண்டிச் சக்கரம் பின்னால் ஓடியதும் இதே காரணத்தால்தான். இது பிழையே அல்ல, யாரிடமும் புகார் செய்ய வேண்டாம்.

சக்கரம் எந்த வேகத்திலும் சுழலவில்லை என்றால் சங்கதி வேறு. இந்தப் பழைய வடிவக் கோப்புகளில் சக்கரத்துக்கு ‘வீல்ஸ் 11’, ‘வீல்ஸ் 12’ என்றும், அது மாட்டியிருக்கும் சட்டத்துக்கு ‘போகி 1’ என்றும் வரையறுத்த பெயர்கள் உண்டு. பெயர் பிசகினால் அது சக்கரம் என்றே மென்பொருளுக்குத் தெரியாது, சறுக்கிக்கொண்டே போகும்.

பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுவது எங்கும் எப்போதும் தெரியும் கோளாறு. ஒவ்வொரு பெட்டிக்கும் வடிவக் கோப்பு தவிர, நீளம், எடை, பிரேக் விவரம் எழுதிய உரைக் கோப்பு ஒன்று உண்டு. நோட்பேடிலேயே திறக்கலாம். அடுத்த பெட்டி எங்கே தொடங்க வேண்டும் என்பதை மென்பொருள் அந்த நீள எண்ணைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறது, கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைப் பார்த்து அல்ல. பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டிக்கு பஃபரிலிருந்து பஃபர் வரை 22.3 மீட்டர். இன்னொரு வகையான எல்ஹெச்பி பெட்டியின் உடல் மட்டுமே 23.54 மீட்டர். ஐசிஎஃப் கோப்பை நகலெடுத்து, எண்ணை மாற்ற மறந்து, மேலே எல்ஹெச்பி வடிவத்தை மாட்டினால், ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்றேகால் மீட்டர் புகுந்துகொள்ளும். ஓர் எண்ணைத் திருத்தினால் தீர்ந்தது.

இடத்தைப் பொறுத்தது நடுக்கம். பாதை முழுவதையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து 32 பிட் எண்ணால் அளந்தால், 100 கிலோமீட்டர் தள்ளி இருப்பிடம் 8 மில்லிமீட்டர் படிகளாகத் தாவும். எதிர் ரயில் நடுங்குவது கண்ணுக்கே தெரியும். கேபின் கேமராவோடு சேர்ந்தே நகர்வதால் நம் நடுக்கம் தெரிவதில்லை. மைக்ரோசாஃப்ட் விளையாட்டு உலகத்தை 2,048 மீட்டர் சதுரங்களாக வெட்டி இதைத் தவிர்த்தது. சதுரத்தின் நடுவிலிருந்து அளந்தால் ஓரத்தில்கூடப் படி ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான். ஓப்பன் ரெயில்ஸும் அதே சதுரங்களைத்தான் பயன்படுத்துகிறது.

ரயில் மறைவது? அதற்கு மட்டும் ஏஐ பொறுப்பு, ஆனால் தவறு அதனுடையது அல்ல. எழுதி வைத்த பாதை முடிந்தால் ஏஐ ரயிலை மென்பொருள் நீக்கிவிடும். பயணத்தை வடிவமைத்தவர் பாதையின் முடிவை நம் கண்ணுக்கு எட்டாத சைடிங்கில் வைத்திருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஓப்பன் ரெயில்ஸில் எஃப்5 விசையை அழுத்தி, தகவல் பக்கங்களில் டிஸ்பேட்சர் பக்கம் வரை போங்கள். ஒவ்வொரு ஏஐ ரயிலும் என்ன செய்கிறது என்று அங்கே இருக்கும். காணாமல் போன படங்கள், தப்பான கோப்புகள் பற்றிய எச்சரிக்கைகள் டெஸ்க்டாப்பில் விழும் ‘ஓப்பன் ரெயில்ஸ் லாக்’ கோப்பில் வரிசையாக இருக்கும். இந்த மாடல்களைச் செய்பவர்களில் பலர் சம்பளம் இல்லாமல் இரவில் உட்கார்ந்து செய்கிறவர்கள். பிழையைச் சொல்லும்போது பெட்டித் தொடரின் பெயர், தூரம், வேகம், இடம் நான்கையும் எழுதி, லாக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.