வீடும் உடன் வரும், நாயும் உடன் வரும்

நத்தை தன் வீட்டைத் தானே சுமந்து செல்வதை விலங்கியல் மாணவர்களாகிய நாம் அறிவோம். மனிதனும் அவ்வாறு செல்வதுண்டு. ஒரு வேனுக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறு கழிப்பறை ஆகியவற்றை அமைத்துக்கொண்டு, சென்ற இடத்தையே ஊராகவும் வண்டியையே வீடாகவும் கொண்டு சுற்றும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியுள்ளது. அத்தகைய வண்டிக்குக் ‘கேம்பர்வேன்’ என்று பெயர். வளர்த்த நாயைப் பிரிய மனமில்லாதவர்கள் அதையும் ஏற்றிக்கொள்கின்றனர். அவ்வாறு ஸ்பெயின் நாட்டின் உட்பகுதியைச் சுற்றப் புறப்படுவோர் அறிந்திருக்க வேண்டியவை எவை என்பதை இக்கட்டுரையில் காண்போம். இதில் சுற்றுலாவைவிட உயிரியலே மிகுதி என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

உள்நாட்டின் இயல்பு

ஸ்பெயின் என்றதும் கடற்கரைகளே பலருக்கும் நினைவு வரும். ஆனால் நாட்டின் நடுவில் பரந்து கிடப்பது ‘மெசேத்தா’ என்னும் பீடபூமி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 முதல் 700 மீட்டர் உயரமுடையது. கடலின் தாக்கம் குறைவாதலால் கோடையும் கடுமை, குளிரும் கடுமை. “ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்” என்பது அங்குள்ள பழமொழி. தெருவேல் மாகாணத்துக் கலமோச்சா என்ற ஊரில் 1963 டிசம்பரில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கியது. தெற்கே கோர்தோபா மாகாணத்தில் 2021 ஆகஸ்டு 14 அன்று 47 டிகிரிக்கு மேல் ஏறியது.

சோரியா, தெருவேல் ஆகிய மாகாணங்களில் சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அமைதியை நாடுவோருக்கு இது சொர்க்கமே. ஆனால் நாய்க்கு ஏதேனும் நேர்ந்தால் மருத்துவர் அடுத்த தெருவில் இருக்கமாட்டார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாய்க்கும் உண்டு பாஸ்போர்ட்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிடையே செல்லும் நாய்க்கு 2004 முதல் தனிப் பாஸ்போர்ட் வழங்கப்படுகிறது. நாயின் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட ‘மைக்ரோசிப்’ பதிக்க வேண்டும். அதன் பின்னரே வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி. முதல் ஊசி போட்டபின் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக அவகாசம் வேண்டுமல்லவா? இந்தியா போன்ற நாடுகளிலிருந்து கொண்டு செல்வதானால் விதி இன்னும் கடுமை. ஊசி போட்டு 30 நாட்களுக்குப் பிறகு இரத்தம் எடுத்துச் சோதித்து, மேலும் மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

வண்டியை நிறுத்துவதற்கும் விதி உண்டு. நிறுத்துவது வேறு, முகாமிடுவது வேறு. அனுமதியுள்ள இடத்தில் நான்கு சக்கரங்களும் தரையில் இருக்க, கழிவுநீர் சிந்தாமல் உள்ளே உறங்கினால் அது நிறுத்தம். வெளியே நாற்காலி போட்டுக் கூடாரத் துணியை விரித்தால் அது முகாம். கண்ட இடத்தில் முகாமிட்டால் அபராதம்தான்.

மூன்று பகைகள்

முதற் பகை வெயில். மூடிய வண்டியின் கண்ணாடி ஒளியை உள்ளே விடுகிறது. இருக்கைகள் சூடேறி உள்காற்றைச் சூடாக்க, அக்காற்று வெளியேற வழியின்றி அரை மணி நேரத்திற்குள் வெப்பம் பத்து டிகிரிக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. சன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் பெரும் பயனில்லை. நமக்கு உடல் முழுதும் வியர்க்கும். நாய்க்கோ பாதங்களில் மட்டுமே வியர்வை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது உடலைக் குளிர்விக்க முடியும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் இளைத்து என்ன பயன்? நாயின் உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உயிருக்கு ஆபத்தான வெப்பத்தில் விலங்குகளை மூடிய வண்டியில் விட்டுச் செல்வதை 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஸ்பெயின் நாட்டுச் சட்டம் தடை செய்கிறது.

இரண்டாம் பகை மணல் ஈ. கொசுவினும் சிறியது. கோடை மாதங்களில் அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். ‘லீஷ்மேனியா’ என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியை அது பரப்புகிறது. இங்கே நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1903இல் சென்னை அரசு மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் என்ற மருத்துவரும், இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும் தனித்தனியே கண்டறிந்ததால் கறுங்காய்ச்சல் கிருமிக்கு ‘லீஷ்மேனியா டோனவானி’ என்று பெயர் வந்தது. ஸ்பெயினில் உள்ளது அதன் நெருங்கிய உறவான ‘இன்ஃபான்டம்’ என்ற இனம். நோய் வெளிப்பட மாதங்கள், சில வேளை ஆண்டுகள்கூட ஆகலாம். பயணம் முடிந்து மறந்த பின்னர் நாய் மெலியும், முடி உதிரும், சிறுநீரகம் கெடும். மருந்தூட்டிய கழுத்துப்பட்டை, தடுப்பூசி, இரவில் வண்டிக்குள் உறங்கச் செய்தல் ஆகியவை காப்பாகும்.

மூன்றாம் பகை பைன் மரத்து ஊர்வலப் புழு. குளிர்கால இறுதியில் இக்கம்பளிப் புழுக்கள் மரத்திலிருந்து இறங்கி, ஒன்றன்பின் ஒன்றாக இரயில் போல் செல்லும். அவற்றின் நுண்மயிரில் நச்சு உண்டு. ஆவலால் நாய் முகர்ந்தாலோ நக்கினாலோ நாக்கு வீங்கும், அதன் பகுதி அழுகியும் போகலாம். ஆகவே, வெயிலுக்கு அஞ்சிக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பைன் காட்டில் கயிற்றை விடலாகாது.

மந்தை வழிகள்

உட்பகுதியில் நடந்து செல்லச் சிறந்தவை பழைய மந்தை வழிகள். பருவத்திற்கேற்ப ஆடுகளை ஓட்டிச் செல்ல ஏற்பட்ட இவற்றில் பெரியவை சுமார் 75 மீட்டர் அகலமுடையவை. 1273இல் மன்னர் பத்தாம் அல்போன்சோ மேய்ப்பர் சங்கத்திற்கு உரிமைகள் வழங்கினார். அச்சங்கம் 1836இல் மறைந்தது. வழிகளை 1995ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. இன்றும் மந்தையோடு ‘மஸ்தீன்’ என்னும் பெருங்காவல் நாய்கள் வரும். ஓநாயிடமிருந்து ஆட்டைக் காப்பது அவற்றின் தொழில். அந்நிய நாயையும் அவை பகையாகவே கருதும். நம் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சுற்றிச் செல்வதே அறிவுடைமை.

எங்கே போகிறோம் என்று நாய் கேட்பதில்லை. “ஏறு” என்றால் ஏறிக்கொள்கிறது. வெயில் தாங்கவில்லை என்று சொல்ல அதற்கு வாயில்லை, கதவைத் திறக்கக் கையில்லை. ஆதலால் எந்த மாதம் போவது, எப்போது நடப்பது, எங்கே உறங்குவது என்பனவற்றை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்வதற்குமுன், நாயின் உடலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்கு மனமில்லாதவர் அதை வீட்டில் நல்லவர் பொறுப்பில் விட்டுச் செல்வதே அன்பு.