இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளுக்கு எத்தனை வாட்?

ஒரு கணிப்பொறியில் கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது. வேலை விரைவாக நடக்க வேண்டும் என்று, அதே வகையில் இன்னொரு கார்டையும் வாங்கிப் பொருத்துகிறார் அதன் சொந்தக்காரர். முதல் கார்டைத் தனியே இயக்கிப் பார்க்கிறார். நன்றாக வேலை செய்கிறது. இரண்டாவதைத் தனியே இயக்கிப் பார்க்கிறார். அதுவும் நன்றாகவே இருக்கிறது. இரண்டையும் ஒருசேர முழு வேலை வாங்கியதும் கணிப்பொறி பட்டென்று அணைந்துவிடுகிறது! இரவெல்லாம் ஓட வேண்டிய கணக்கு பாதியில் போயிற்று. பழுது எங்கே? கார்டுகளில் இல்லை. அவற்றுக்கு மின்சாரம் ஊட்டும் பெட்டி போதவில்லை.

'பவர் சப்ளை' எனப்படும் அந்தப் பெட்டி என்ன செய்கிறது? நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். கணிப்பொறியின் உறுப்புகளுக்கு வேண்டியதோ குறைந்த மின்னழுத்தமுள்ள நேர்திசை மின்னோட்டம். பவர் சப்ளை முன்னதைப் பின்னதாக மாற்றி 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. கிராபிக்ஸ் கார்டும் மையச் செயலியும் பெரும்பாலும் 12 வோல்ட்டையே நம்பியுள்ளன.

கணக்குப் போடுவோம்

2020-இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டை எடுத்துக்கொள்வோம். முழு வேலையில் அதற்கு 350 வாட் வேண்டும். இரண்டு கார்டுகளுக்கு 700 வாட். மையச் செயலிக்கு 150 வாட், விசிறி, நினைவகம், மதர்போர்டு முதலியவற்றுக்கு 100 வாட் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 950 வாட். ஒரு கார்டு மட்டும் இருந்தபோது 600 வாட்தான். அதற்குப் போதுமான 750 வாட் பெட்டி இப்போது எப்படித் தாங்கும்?

அப்படியானால் 1,000 வாட் பெட்டி வாங்கலாமா? அதுவும் நெருக்கடிதான். 350 வாட் என்பது சராசரி அளவு. வேலையின் சுமை மாறும்போது, ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குக் கார்டு அதைவிட மிகுதியான மின்சாரத்தை இழுத்துவிட்டு அடங்கும். தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கி எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்ற ஓர் இழுப்பே இது. இரண்டு கார்டுகளும் ஒரே கணத்தில் இழுத்தால் பவர் சப்ளையின் காப்புச் சுற்று, 'சுமை மிகுந்துவிட்டது' என்று கண்டு, எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஆகவே 950 வாட்டுடன் அதில் கால் பங்கையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 1,190 வருகிறது. எனவே 1,200 வாட் பெட்டியே ஏற்றது.

பெரிய எழுத்தை மட்டும் நம்பாதீர்கள்

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு அட்டவணை அச்சிட்டிருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும் அல்லவா? 100 ஆம்பியர் என்றிருந்தால் 1,200 வாட். 70 ஆம்பியர்தான் என்றால் 840 வாட் மட்டுமே. மேலே எவ்வளவு பெரிய எண்ணைப் போட்டிருந்தாலும் அந்தப் பெட்டி நமக்கு உதவாது.

வயர் ஏன் சுடுகிறது?

கார்டு, தான் செருகப்பட்டுள்ள மதர்போர்டு வழியாக 75 வாட் வரை பெறலாம். மீதி தனி வயர்களில் வருகிறது. எட்டு முனைகள் கொண்ட பிளக் ஒன்றுக்கு 150 வாட் என்பது வரையறை. 12 வோல்ட்டில் இது 12.5 ஆம்பியர். மூன்று கம்பிகள் இதைப் பங்கிட்டுக்கொள்வதால், ஒவ்வொன்றிலும் 4 ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும்.

சில வயர்களின் நுனியில் இரண்டு பிளக்குகள் இருக்கும். இரண்டையும் ஒரே கார்டில் செருகினால் 300 வாட்டும் அந்த மூன்று கம்பிகளிலேயே வரவேண்டும். ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். மின்னோட்டம் இரு மடங்கு. வெப்பமும் இரு மடங்குதானா? இல்லை. ஜூல் விதிப்படி வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். ஆகவே வெப்பம் நான்கு மடங்கு! எனவே ஒவ்வொரு பிளக்குக்கும் தனி வயர் வேண்டும். கார்டுக்கு இரண்டு பிளக் என்றால், இரண்டு கார்டுகளுக்கு நான்கு தனி வயர்கள் அந்தப் பவர் சப்ளையில் உண்டா என்று வாங்குமுன் எண்ணிப் பாருங்கள். பிளக்கை முழுவதுமாக அழுத்திச் செருகுவதும் முக்கியம். 2022-இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றில் புதுவகைப் பிளக் உருகிப்போனதற்கு, சரியாகச் செருகாததும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

சுவர் பிளக்கையும் மறவாதீர்கள்

எந்தப் பவர் சப்ளையும் வாங்கும் மின்சாரம் முழுவதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. 90 விழுக்காடு திறமையுள்ள பெட்டி, 950 வாட் கொடுக்கச் சுவரிலிருந்து சுமார் 1,056 வாட் வாங்கும். மீதி 106 வாட் வெப்பமாகிறது. அதை வெளியேற்றவே பெட்டிக்குள் விசிறி. 230 வோல்ட்டில் 1,056 வாட் என்பது 4.6 ஆம்பியர். சாதாரண சாக்கெட் தாங்குவது 6 ஆம்பியர். அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் செருகினால் என்ன ஆகும்? நீங்களே கூட்டிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: பவர் சப்ளையை ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் இருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

திறக்காமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வீட்டிலுள்ள செல்போன் சார்ஜரின் மேல் அச்சிட்டுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் 10 வாட். நம் இரட்டைக் கார்டு கணிப்பொறி அத்தகைய 95 சார்ஜர்களுக்குச் சமம்!