95 சதவீதம் எங்கிருந்து வந்தது? இ-சிகரெட் பற்றிச் சில குறிப்புகள்

காலேஜில் என் ரூம்மேட்டாக இருந்தவன் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறான். வயது 44. இருபத்தைந்து வருஷமாக சிகரெட், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். போன மாதம் போனில் கேட்டான்: "மச்சி, இங்க வேப் 95 பர்சன்ட் சேஃப்னு சொல்றாங்கடா. மாறிடட்டுமா? நீதான் எதையாவது தோண்டிக்கிட்டே இருப்பியே, பாத்துச் சொல்லு."

நான் டாக்டர் இல்லை. கோட் எழுதிப் பிழைப்பவன். ஆனால் அவனுக்கு முதல் சிகரெட்டைக் கொடுத்தது நான்தான், ஹாஸ்டல் எதிரே இருந்த டீக்கடையில். மூன்று வருஷத்தில் நான் விட்டுவிட்டேன், அவனால் முடியவில்லை. அதனால் "எனக்குத் தெரியாதுப்பா" என்று நழுவ மனசு வரவில்லை. ரெண்டு வாரம் உட்கார்ந்து படித்ததன் சுருக்கம் இது.

அடிப்படை என்ன?

சிகரெட்டில் ஆளை அடிமையாக்குவது நிகோடின். கொல்வது பெரும்பாலும் புகை. இந்தப் பிரிவினையை பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976லேயே தெளிவாக எழுதிவிட்டார். நாம் இழுக்கும்போது சிகரெட் நுனி 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகிறது. அந்தச் சூட்டில் புகையிலை எரிந்து தார், கார்பன் மோனாக்சைடு என்று ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள் உருவாகின்றன. அவற்றில் புற்றுநோய் தரக்கூடியவை மட்டும் சுமார் 70.

இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், நிகோடினும் வாசனையும் கலந்த திரவம், அவ்வளவுதான். சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. 2003 வாக்கில் இன்றைய வடிவத்தை உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். அவரே சிகரெட் பிடிப்பவர், அப்பாவை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்.

ஆக, புகையை எடுத்துவிட்டு நிகோடினை மட்டும் கொடுப்பது என்ற யோசனையில் தப்பில்லை. ஆனால் அந்த 95?

ஒரு எண்ணின் ஊர்வலம்

2015ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு வெளியிட்ட அறிக்கையில்தான் இந்த எண் பிரபலமானது. அதற்கு மூலம், 2014ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை. பன்னிரண்டு நிபுணர்கள் கூடி, ஒவ்வொரு நிகோடின் பொருளும் எவ்வளவு தீங்கானது என்று மதிப்பெண் போட்டார்கள். நம்ம ஆபீஸில் ஒவ்வொரு வேலைக்கும் ஸ்டோரி பாயின்ட் போடுவோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. அளந்து சொன்னதல்ல, மதிப்பீடு. இவ்வளவு பலவீனமான அடித்தளத்தின் மேல் நிற்கிறதே என்று லான்செட் இதழ் அப்போதே தலையங்கத்தில் கடிந்துகொண்டது.

அதற்காக எண்ணைத் தூக்கி எறியவும் முடியாது. 2022ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் குழு, வேப் பிடிப்பவர்களின் உடலில் சேரும் நச்சுகளை அளந்த ஆய்வுகளைத் தொகுத்தது. குறுகிய, நடுத்தர காலத்தில் வேப்பின் ஆபத்து சிகரெட்டின் ஆபத்தில் ஒரு சின்னப் பங்குதான் என்பது அவர்கள் முடிவு. முப்பது வருஷம் வேப் பிடித்தவர்கள் இன்னும் உலகத்திலேயே கிடையாது. அதனால் திசை சரி, தசமப் புள்ளி வரை நம்ப வேண்டாம்.

இன்னொன்று: "சிகரெட்டை விடக் குறைந்த தீங்கு" என்பது வேறு, "பாதுகாப்பானது" என்பது வேறு. என் நண்பன் காதுக்கு வந்து சேர்வதற்குள் முதலாவது இரண்டாவதாக மாறியிருந்தது. ஹைப் என்பது இதுதான்.

விட உதவுமா?

உதவுகிறது. 2019ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த பரிசோதனையில், இங்கிலாந்தில் 886 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், நிகோடின் பேட்ச், கம் போன்றவை வாங்கியவர்களில் 9.9% பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். இ-சிகரெட் வாங்கியவர்களில் 18%.

ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள்: 82% பேர் விடவில்லை. விட்டவர்களிலும் 80% பேர் ஒரு வருஷம் கழித்தும் வேப்பைக் கையில் வைத்திருந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் வாரா வாரம் ஆலோசனையும் கிடைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான பொறி

நிறைய பேர் மாறுவதில்லை, சேர்த்துக்கொள்கிறார்கள். ஆபீஸில் வேப், வீட்டு வாசலில் சிகரெட். "பாதியா குறைச்சிட்டேன்" என்று திருப்தி வேறு. ஆனால் இதயம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 2018ல் பிஎம்ஜே இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, நாளுக்கு 20 சிகரெட் தரும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதியை ஒரே ஒரு சிகரெட்டே கொண்டுவந்து விடுகிறது. இருபதை ஒன்றாக்கினால் ஆபத்து இருபதில் ஒரு பங்காகாது.

சிகரெட்டே தொடாத பிள்ளைகளுக்கோ இதில் லாபமே இல்லை, நஷ்டம் மட்டும்தான். அமெரிக்காவில் 2017ல் 11.7% ஆக இருந்த உயர்நிலைப் பள்ளி மாணவர் வேப் பழக்கம் 2019ல் 27.5% ஆனது.

பயத்திலும் ஹைப் உண்டு. அதே 2019ல் அமெரிக்காவில் நுரையீரல் பாதித்து 68 பேர் வரை இறந்தபோது, பழி எல்லா வேப் மீதும் விழுந்தது. முக்கியக் காரணமாகத் தெரியவந்தது, கஞ்சா எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்.

நம்ம ஊரில்?

இந்தியாவில் 2019லேயே சட்டம் போட்டு இ-சிகரெட் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். தடையை மீறிக் கிடைக்கும் சரக்கில் என்ன இருக்கிறது என்று யாரும் சோதிப்பதில்லை. அதனால் இங்கிலாந்துக் கணக்கை இங்கே பொருத்த முடியாது. சிகரெட்டும் பீடியும் மட்டும் பெட்டிக்கடையில் தாராளமாகத் தொங்குகின்றன. விட நினைப்பவர்களுக்கு நிகோடின் கம் இருக்கிறது, 1800-11-2356 என்ற இலவச உதவி எண் இருக்கிறது.

நண்பனுக்கு எழுதிய பதில்: "ஏற்கெனவே பேட்ச், கம் எல்லாம் பார்த்துத் தோத்துட்டே. அதனால மாறு. ஆனா முழுசா மாறு, ஒரு சிகரெட் கூட மிச்சம் வைக்காதே. அங்க இருக்கிற இலவச ஆலோசனை மையத்துக்குப் போ. அப்புறம் வேப்பையும் மெல்ல விடு. பிரிட்டிஷ் டாக்டர்களை ஐம்பது வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வுல, 40 வயசுல விட்டவங்க ஒன்பது வருஷ ஆயுளைத் திரும்ப வாங்கியிருக்காங்க, 50ல விட்டவங்க ஆறு. நீ நடுவுல நிக்கறே."

நேற்று மெசேஜ் வந்தது: "கடைசி பாக்கெட்ல நாலு இருக்கு. முடிச்சிட்டு ஆரம்பிக்கவா?"

தூக்கிப் போடுடா என்றேன்.