513 படிகளும் மீதி 317 நாட்களும்

பினாங்கு தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்திற்கு ஏறிச் செல்லும் படிகள் 513. இளமைக் காலத்தில் அவற்றை நான் எண்ணியதே இல்லை. 2019-ஆம் ஆண்டு தைப்பூசத்தன்றுதான் ஒவ்வொரு படியாக எண்ணி ஏற வேண்டிய நிலை வந்தது.

அப்போது எனக்கு வயது 60. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. உயரம் 165 சென்டிமீட்டர். எடை 84 கிலோ. பாதிப் படிகள்கூட ஏறவில்லை. நெஞ்சின் நடுவே கல்லைத் தூக்கி வைத்தாற்போல் ஓர் இறுக்கம், இடக்கை கனத்தது, வியர்த்துக் கொட்டியது. "வாயுதான், கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்று மனைவியிடம் சொன்னேன்.

அன்று தொண்டூழியராக நின்றிருந்த என் பழைய மாணவர் ஒருவர் அதை நம்பவில்லை. "சார், இது வாயு இல்லை. எழுந்திருக்காதீங்க" என்று சொல்லி, ஆட்களை அழைத்து, என்னைத் தூக்குப் படுக்கையில் இறக்கினார். இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளம் ஒன்றில் அடைப்பு இருப்பதை மருத்துவமனையில் கண்டுபிடித்து, ஸ்டென்ட் எனும் சிறு வலைக்குழாயைப் பொருத்தினார்கள். வகுப்பில் நான் எழுத்துப் பிழை திருத்திய பிள்ளை, அன்று என் பிழையைத் திருத்தினார்.

மருத்துவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "டாக்டர், 48 நாள் சைவ விரதம் இருந்தவனுக்கா இப்படி?" அவர் சிரித்துக்கொண்டே, "48 நாள் சரி சார். மீதி 317 நாள்?" என்றார். கணக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு அந்தக் கழித்தல் கணக்கு சுருக்கென்று தைத்தது.

விரதத்தில் இறங்கிய எடை

ஆண்டுதோறும் விரத நாட்களில் எனக்கு மூன்று, நான்கு கிலோ குறையும். பங்குனி உத்திரம் வருவதற்குள் அத்தனையும் திரும்பிவிடும். விரதம் முடிந்ததும் நாசி கண்டார் கடைக்கு ஓடியவர்களில் நானும் ஒருவன். பட்டினி கிடந்து விரைவாக எடையைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. பழைய உணவுக்கே திரும்பினால் எடை ஏறிவிடும். கரைந்த தசையோ பயிற்சியின்றி எளிதில் மீள்வதில்லை.

இன்னொன்று, சைவம் என்பதாலேயே உணவு இதயத்திற்கு நல்லதாகிவிடாது. எண்ணெயில் பொரித்த வடை, தேங்காய்ப்பால் குழம்பு, நெய் மிதக்கும் கேசரி, மலைபோல் சோறு ஆகிய எல்லாம் சைவம்தான். விரத காலத்திலும் இவற்றை நான் ஒரு கை பார்த்திருக்கிறேன்.

இடுப்பளவு சொல்லும் செய்தி

தொப்பைக்குள், உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அது கல்லீரலைப் பாதிக்கிறது; இன்சுலின் சரிவர வேலை செய்யாதபடி தடுக்கிறது. இதனால் இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் கூடுகின்றன. இரத்த அழுத்தமும் உயர்கிறது. காலப்போக்கில் நாளங்களின் உட்சுவரில் கொழுப்புப் படிவு வளர்கிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்தால் அதுவே மாரடைப்பு.

ஆகவே வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லாவிட்டாலும், தையல் அளவு நாடா ஒன்று இருக்கட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு. அன்று என் அளவு 104.

மலேசிய சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு ஆய்வின்படி, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். நம் கோயில் பந்தியில் ஒரு வரிசையைப் பார்த்தாலே இது விளங்கும்.

எடை குறைவது வாயால்

ஒரு சிறு கணக்கு. ஒரு மேசைக்கரண்டி டின்பாலில் ஏறத்தாழ 60 கலோரி உண்டு. நான் குடித்த தே தாரிக்கில் இரண்டு கரண்டி, ஆக 120. நாளுக்கு மூன்று குவளை என்றால் 360 கலோரி. அரை மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் செலவாவதோ 120 முதல் 150 கலோரிதான். அதாவது நடந்து முடித்துக் கடையில் ஒரு குவளை குடித்தால் கணக்கு நேராகிவிடுகிறது. எடை ஏன் குறையவில்லை என்று வியப்பதில் பொருளில்லை.

நான் முதலில் மாற்றியது அந்தத் தேநீரைத்தான். இப்போது 'தே ஓ கோசோங்'. இரண்டு வாரம் கசந்தது, பிறகு பழகிவிட்டது. அடுத்து, 'சுக்கு-சுக்கு செப்பாரோ' என்று சுகாதார அமைச்சு சொல்லும் கால், கால், அரை முறை. வாழை இலையில் பாதி காய்கறி, கீரை, பழம். கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு பருப்பு, மீன் அல்லது தோல் நீக்கிய கோழி. உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அந்தக் கணக்கில் சேரும்.

இதயம் வலுப்பெறுவது காலால்

அப்படியானால் நடப்பது வீணா? இல்லை. இதயமும் ஒரு தசைதான். நாள்தோறும் வேலை கொடுத்தால் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்பப் பழகிக்கொள்கிறது. எடை அதிகம் குறையாவிட்டாலும், நடையால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்குகின்றன.

உலகச் சுகாதார நிறுவனம் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. அரை மணி நேரம் வீதம் ஐந்து நாட்கள். மிதமான வேகம் எது? நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. திருப்புகழைத் தடையின்றிப் பாடிக்கொண்டே நடக்கிறீர்கள் என்றால் வேகம் போதவில்லை!

மருத்துவர் அனுமதி தந்தபின், தண்ணீர்மலைக்கு அருகிலுள்ள தாவரவியல் பூங்காவில் பத்து நிமிட நடையோடு தொடங்கினேன். வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டினேன். வாரத்தில் இரு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வேன், இது தசைக்கு. பதினொரு மாதத்தில் 84 கிலோ 75 ஆனது. ஆசியர்களுக்கான அட்டவணைப்படி நான் 62 கிலோ இருக்க வேண்டும். அதை நான் எட்டவில்லை, எட்டுவேனா என்பதும் ஐயமே. ஆனால் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் சீராகத் தொடங்கும் என்று மருத்துவர் தேற்றினார். 2020 தைப்பூசத்தில், ஆறு இடங்களில் நின்று இளைப்பாறி, 513 படிகளையும் ஏறினேன்.

சில எச்சரிக்கைகள்

நீரிழிவு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்க வேண்டாம்; சர்க்கரை திடீரென இறங்கினால் ஆபத்து. எடை குறைந்துவிட்டது என்று மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை கண்டால் வாயு என்று சொல்லி ஓமநீர் தேடாமல், 999-ஐ அழையுங்கள். பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமல் களைப்பும் குமட்டலுமாகக்கூட இது வரலாம்.

எங்கள் கோயில் நிர்வாகக் குழுவில், அன்னதானப் பாயசத்தில் சீனியைக் குறைக்கலாம் என்று நான் முன்மொழிந்தபோது, "பிரசாதத்திலுமா கணக்குப் பார்ப்பது, வாத்தியாரையா?" என்று மூத்தவர் ஒருவர் கடிந்துகொண்டார். பேசிப் பேசி, கிண்ணத்தைச் சிறிதாக்குவது என்று முடிவானது. இன்றுவரை எந்தப் பக்தரும் குறை சொன்னதில்லை.

விரதம் இருக்கத் தெரிந்த நமக்கு மன உறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 48 நாட்கள் முருகனுக்காக நாவை அடக்குகிறோம். அதில் ஒரு சிறு பங்கை மீதி 317 நாட்களுக்கும் எடுத்து வைப்போம். அடுத்த தைப்பூசத்தில் அந்தப் படிகளில் உங்களைச் சந்திக்க வேலவன் அருள்புரிவானாக.