‘கோரிக்கை பதிவானது’னு ஆப் சொன்னா போதுமா? வெள்ள நேரத்தில் மெசேஜ் தொலையாமல் காக்கும் ‘க்யூ’... எப்படி வேலை செய்கிறது?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் சென்னையோடு சேர்ந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களும் தத்தளித்தன. பல பகுதிகளில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் உதவி கேட்பவருக்கு வரும் முதல் சந்தேகம், ‘நாம அனுப்புனது போய்ச் சேர்ந்துச்சா?’ என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு பதில் சொல்லும் தொழில்நுட்பம்தான் ‘மெசேஜ் க்யூ’. கோடிங் அதிகம் தெரியாதவர்கள் உருவாக்கும் ‘லோ-கோட்’ ஆப்களிலும் இதை இணைக்க முடியும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

லோ-கோட் ஆப் என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, வீடு கட்டும்போது செங்கல் சுடுவதில் இருந்து தொடங்காமல், ரெடிமேட் சுவர்களை வாங்கிப் பொருத்துவது மாதிரி. படிவம், பட்டியல், பட்டன் எல்லாம் தயாராக இருக்கும். மவுஸால் இழுத்து வைத்தால் ஆப் ரெடி. தேவையான இடத்தில் மட்டும் சில வரி கோடிங் எழுதினால் போதும்.

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டம் வல்லாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் ஜோஹோ நிறுவனத்தின் ‘ஜோஹோ கிரியேட்டர்’ 2006-ல் அறிமுகமான லோ-கோட் தளம். இதில் எழுதும் அந்தச் சில வரிகளுக்கு ‘டெலூஜ்’ என்று தனி மொழியே உண்டு. ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம், பெருவெள்ளம்!

நேரடியாக இணைத்தால் என்ன சிக்கல்?

ஒரு உதாரணம். 2015 வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளோடு வந்து மக்களை மீட்டது நினைவிருக்கும். அதுபோல அடுத்த மழைக்கு, கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கடலோரத்தில் ஒரு தன்னார்வப் படகுக் குழு தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். முடிச்சூர், கூடுவாஞ்சேரி பக்கம் இருப்பவர்கள் ஆப்பில் ‘படகு வேணும்’ என்று பதிவு செய்கிறார்கள். அந்தத் தகவல் படகுக் குழுவின் கணினிக்கு நேராகப் போகிறது.

சாதாரண நாளில் பிரச்சனை இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் 500 பேர் பட்டனை அழுத்தினால்? படகுக் குழுவின் கணினி 10 நிமிடம் முடங்கினால்? அந்த நேரத்தில் அனுப்பிய கோரிக்கைகளை வாங்க ஆள் இல்லை. அனுப்பியவரோ படகு வரும் என்று மொட்டை மாடியில் காத்திருப்பார்.

க்யூ என்ன செய்கிறது?

தபால் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் போடும்போது தபால்காரர் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. அவர் வரும்வரை கடிதம் பெட்டியில் பத்திரமாக இருக்கும். க்யூவும் அப்படித்தான். ஆப் கோரிக்கையை க்யூவில் போடும். படகுக் குழுவின் மென்பொருள் தன்னால் முடிந்த வேகத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும்.

இந்தச் சேவையை இணையம் வழியாக வாடகைக்குத் தருபவைதான் கிளவுட் க்யூக்கள். அமேசானின் ‘எஸ்.க்யூ.எஸ்.’ இதில் மூத்தது. 2004-ல் சோதனை முறையில் வந்து 2006-ல் முழுமையாக அறிமுகமானது. மைக்ரோசாஃப்ட், கூகுள் நிறுவனங்களிடமும் இதே மாதிரி சேவைகள் இருக்கின்றன.

எஸ்.க்யூ.எஸ்.-ல் ஒரு மெசேஜ் நாம் எதையும் மாற்றாவிட்டால் 4 நாள் இருக்கும். அதிகபட்சம் 14 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு முதல் 10 லட்சம் அழைப்புகள் இலவசம். ஆனால் ‘ஏதாவது வந்திருக்கா?’ என்று க்யூவைச் சும்மா கேட்பதும் ஒரு அழைப்புதான். அதனால் ஒருமுறை கேட்டுவிட்டு 20 நொடி வரை காத்திருக்கும் ‘லாங் போலிங்’ முறையைப் பயன்படுத்துவது நல்லது.

இணைப்பது எப்படி?

1. கிளவுட் கணக்கில் ஒரு க்யூவை உருவாக்க வேண்டும். அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத்தில் மையங்கள் உண்டு.

2. ஆப்புக்கென்று தனி அனுமதிச் சாவி எடுக்க வேண்டும். அந்தச் சாவிக்கு ‘மெசேஜ் அனுப்பலாம்’ என்ற உரிமை மட்டும் போதும். படிப்பது, அழிப்பது எல்லாம் வேண்டாம்.

3. சாவியைக் கோடிங்குக்குள் அப்படியே எழுதவே கூடாது. லோ-கோட் தளத்தின் ‘கனெக்ஷன்’ பகுதியில் தனியாகச் சேமிக்க வேண்டும்.

4. படிவம் சேமிக்கப்பட்டதும் க்யூவுக்குத் தகவல் போகும்படி சில வரி எழுத வேண்டும். டெலூஜில் இதற்கு ‘இன்வோக் யுஆர்எல்’ என்ற கட்டளை இருக்கிறது.

5. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கட்டாயம். ஏன் என்பது கீழே.

‘அனுப்பியாச்சு’ என்று எப்போது சொல்லலாம்?

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். க்யூ ஒரு மெசேஜைக் காப்பாற்றுவது, அது க்யூவுக்குள் போன பிறகுதான். படிவத்துக்கும் க்யூவுக்கும் நடுவில் இணைப்பு அறுந்தால், அதற்கு க்யூ பொறுப்பாகாது.

மெசேஜ் கிடைத்ததும் க்யூ ஒரு அடையாள எண்ணைத் திருப்பி அனுப்பும். அது வந்த பிறகுதான் ஆப் பச்சை டிக் காட்ட வேண்டும். வரவில்லை என்றால், ‘இன்னும் அனுப்பப்படவில்லை’ என்று குறித்துவைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக மறுபடி அனுப்பும்படி அமைக்க வேண்டும். படிவம் சேமிக்கப்பட்ட உடனேயே ‘பதிவானது’ என்று காட்டினால், பொய் நம்பிக்கை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரே வீட்டுக்கு இரண்டு படகா?

எஸ்.க்யூ.எஸ்.-ன் சாதாரண க்யூ, ‘ஒரு முறையாவது கொடுப்பேன்’ என்றுதான் உறுதி தருகிறது. அபூர்வமாக ஒரே மெசேஜ் இரண்டு முறையும் வரலாம். வரிசையும் மாறலாம். கோரிக்கை எண் இருந்தால், ‘இது ஏற்கெனவே வந்ததுதான்’ என்று மென்பொருள் கண்டுபிடித்துவிடும். இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு படகு போகும். இன்னொரு வீட்டுக்குப் படகே இருக்காது.

அடுத்து, ஒருவர் மெசேஜை எடுத்ததும் அது மற்றவர் கண்ணுக்குச் சிறிது நேரம் மறைந்திருக்கும். மாற்றாவிட்டால் இது 30 நொடி. அதற்குள் ‘முடிச்சாச்சு, அழிச்சிடு’ என்று சொல்லாவிட்டால் மெசேஜ் மறுபடி க்யூவில் தெரியும். எடுத்தவரின் கணினி பாதியில் அணைந்துபோனாலும் கோரிக்கை தொலையாமல் இருக்க இந்த ஏற்பாடு. அதனால் கோரிக்கையைப் படகுக் குழுவின் பணிப் பட்டியலில் எழுதிவிட்டு, அதன் பிறகே க்யூவில் அழிக்க வேண்டும். முதலில் அழித்துவிட்டு எழுதப் போனால், நடுவில் கரண்ட் போனால் அவ்வளவுதான்.

சிக்கிக்கொண்ட மெசேஜ் எங்கே போகும்?

முகவரி காலியாக இருக்கிறது, போன் நம்பரில் ஒரு எண் குறைகிறது... இப்படிப்பட்ட கோரிக்கையை மென்பொருளால் கையாள முடியாது. எடுப்பதும் விடுவதுமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். உதாரணமாக 5 முறை தோற்றால் அதைத் தனியாக ஒதுக்க ‘டெட் லெட்டர் க்யூ’ என்று இன்னொரு க்யூ வைக்கலாம். ஆனால் அதை ஒரு மனிதர் பார்த்தே ஆக வேண்டும். யாரும் திறக்காத டெட் லெட்டர் க்யூவும் குப்பைத் தொட்டியும் ஒன்றுதான். அதேபோல, மிகப் பழைய கோரிக்கை எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்று கவனித்து, 15 நிமிடம் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி வைப்பதும் அவசியம்.

மக்கள் கவனிக்க வேண்டியது

போனில் இன்டர்நெட்டே இல்லை என்றால் எந்த க்யூவாலும் உதவ முடியாது. தன்னார்வ ஆப்கள் கூடுதல் வழி மட்டுமே. உயிருக்கு ஆபத்து என்றால் ஆப்பில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்காமல், அவசர உதவிக்கு 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070 ஆகிய எண்களை உடனே அழைக்க வேண்டும்.

ஆப் உருவாக்குபவர்கள் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன்பே, படகுக் குழுவின் கணினியை வேண்டுமென்றே அணைத்துவிட்டு 10 கோரிக்கை அனுப்பிப் பாருங்கள். மறுபடி ஆன் செய்ததும் பத்தும் வந்து சேர்ந்தால்தான் ஆப் ரெடி என்று அர்த்தம்.