ஏரியில் ஆப்பிரிக்கன் கெளுத்தி: யாரிடம் சொல்வது?

குழி தோண்டி, தார்ப்பாய் விரித்து, கறிக்கடைக் கழிவைக் கொட்டி மீன் வளர்ப்பது பார்வைக்குச் சின்னத் தொழில்தான். குழியில் இருப்பது ஆப்பிரிக்கன் கெளுத்தி என்றால், அதை வளர்க்க மத்திய அரசு 2000-லேயே தடை விதித்துவிட்டது.

தண்ணீரில் பிராணவாயு குறைந்தாலும் இந்த மீன் மேலே வந்து காற்றை இழுத்துப் பிழைத்துக்கொள்ளும். ஈரம் இருந்தால் தரையில் நெளிந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும். கெண்டைக் குஞ்சு, குரவைக் குஞ்சு, தவளை என்று எதையும் விட்டுவைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகள் கலங்கல் வழிந்தால் குழி மீன் ஏரிக்கும், ஏரி மீன் பாலாற்றுக்கும் போய்ச் சேரும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை ராணிப்பேட்டை மாவட்டத்து மேல்விஷாரம் மறந்திருக்காது. ஏரியில் பரவிய பிறகு இதை ஒழிப்பது அநேகமாக முடியாத காரியம். அதனால் குழியில் இருக்கும்போதே புகார் போக வேண்டும்.

ஆப்பிரிக்கன் கெளுத்திக்கு இருக்கும் செதில் இல்லாத உடம்பும் நான்கு ஜோடி மீசையும் நம் தேளி மீனுக்கும் உண்டு. எனவே நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் மீனைத் திரும்பத் தண்ணீரில் விடாமல், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, பக்கவாட்டிலும் தலைக்கு மேலிருந்தும் படம் எடுங்கள். இடத்தையும் தேதியையும் குறித்து மாவட்ட மீன்வளத் துறைக்குக் கொடுங்கள். பல்லுயிர்ச் சட்டம் 2002-ன்படி நகராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஒரு நகல் அங்கும் போகட்டும்.

குழி பக்கத்து வீட்டுக்காரருடையது, ஏரி குத்தகைக்காரர் பெரிய மனிதர் என்ற தயக்கம் நியாயமானதே. தனியாகப் போகாமல் நாலு பேராகக் கையெழுத்துப் போடுங்கள். எண்ணூரில் காக்கா ஆழி என்ற அயல்நாட்டுச் சிப்பி கொசஸ்தலை ஆற்றை மூடியபோது, மீனவர்கள் சேர்ந்து குரல் கொடுத்ததால்தான் விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

வாய்மொழியாகச் சொன்னால் காற்றோடு போகும். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-ல் பதிந்து மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அல்லது திங்கட்கிழமை ராணிப்பேட்டை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது பெறுங்கள். பதில் வராவிட்டால், மனுவின் மீது என்ன நடவடிக்கை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் அந்த அலுவலகம் பதில் தந்தாக வேண்டும்.