மொய்ப் பணத்தில் அஸ்திவாரம், பாங்கி கடனில் கூரை: மாதா மாதம் எவ்வளவு விழும்?

புதுக்கோட்டை:-

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். "மொய் நோட்டைப் புரட்டிப் பார்!"

சொந்த வீடு என்றதும் இங்கே பலருக்கு இரண்டு வழி தோன்றும். ஒன்று பாங்கி கடன். மற்றொன்று ஆடி மாத மொய் விருந்து.

இரண்டையும் சேர்த்து வீடு கட்டும்போது பாங்கித் தவணை மட்டும் கணக்கில் வருகிறது. மொய் மறந்துபோகிறது. அங்கேதான் குடும்ப பட்ஜெட்டில் துண்டு விழுகிறது.

வட்டி இல்லாத கடன்

வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று ஆலங்குடி வட்டாரம் முழுவதும் மொய் விருந்து பிரபலம். பக்கத்தில் தஞ்சை மாவட்டம் பேராவூரணி பகுதியிலும் உண்டு.

கல்யாணம், காதுகுத்து எதுவும் இருக்க வேண்டியது இல்லை. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச் சோறு போடுவார்கள். சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். செலவு கட்டுப்படியாக வேண்டும் என்று பலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு.

அந்தப் பணத்தில் வீடு கட்டினார்கள், ஆழ்குழாய் கிணறு போட்டார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 2019-ல் வடகாட்டில் ஒரே விருந்தில் கோடிக்கணக்கில் மொய் வந்ததாகச் செய்தி வெளியாகி ஊரே வாயைப் பிளந்தது.

வட்டி கிடையாது. ஜாமீன் கிடையாது. ஆனால் இனாமும் கிடையாது! ஆயிரம் ரூபாய் எழுதியவர் விருந்து வைக்கும்போது அந்த ஆயிரத்தைத் திருப்பி எழுதியே ஆக வேண்டும். மேற்கொண்டு புதிதாகவும் எழுத வேண்டும். ஒருவர் பொதுவாக 5 ஆண்டுக்கு ஒரு முறை விருந்து வைப்பார். ஆக, வாங்கிய மொய் 5 ஆண்டுக்குள் அத்தனையும் திரும்பிப் போய்விடும்.

20 லட்ச ரூபாய் வீடு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மனை 6 லட்சம், கட்டிடம் 14 லட்சம். மொத்தம் 20 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் மாதம் 35 ஆயிரம் கையில் வாங்குபவர்.

ரிசர்வ் பாங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது. மீதியைக் கைப்பணமாகப் போட வேண்டும்.

இது தவிர பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் 2023 முதல் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 6 லட்ச ரூபாய் மனைக்கு 54 ஆயிரம் ரூபாய்! 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும் என்ற சலுகை 2025 ஏப்ரலில் வந்தது. அதன்படி 6 ஆயிரம் மிச்சம்.

நமது வீட்டுக்காரர் பாங்கியில் 15 லட்சம் வாங்குகிறார். மொய்யில் 4 லட்சம் வருகிறது. பாக்கி சொந்தச் சேமிப்பு.

13 ஆயிரமா, 20 ஆயிரமா?

வட்டி எட்டரை சதவீதம், காலம் 20 ஆண்டு என்றால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் தவணை. 15 லட்சத்துக்கு 13 ஆயிரத்து 17 ரூபாய்.

"மாசம் பதிமூணாயிரம்தானே, சமாளிச்சிடலாம்" என்றுதான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

4 லட்ச ரூபாய் மொய்யை 5 ஆண்டில் திருப்ப வேண்டும். ஆண்டுக்கு 80 ஆயிரம். மாதத்துக்கு 6 ஆயிரத்து 667. இரண்டையும் கூட்டினால் 19 ஆயிரத்து 684 ரூபாய்!

35 ஆயிரத்தில் மிஞ்சுவது 15 ஆயிரத்து 316. அரிசி, பருப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதற்குள். வீடு முடிகிற வரை வாடகையும் உண்டு. மொய் வேறு மாதா மாதம் கேட்காது. ஆடி, ஆவணியில் பத்திரிகை மேல் பத்திரிகையாக வந்து விழும். மாதம் தவறாமல் தனியே எடுத்து வைக்காவிட்டால் நகைதான் அடகுக்குப் போகும்.

சம்பளத்தில் பாதிவரை தவணை போகலாம் என்று கணக்கிடும் பாங்கிகள் உண்டு. அப்படிப் பார்த்தால் இவருக்கு 20 லட்சம்கூடக் கிடைக்கும். பாங்கிக்கு மொய் நோட்டு தெரியாது! கிடைக்கிற கடன் வேறு, தாங்குகிற கடன் வேறு.

அசல் எங்கே குறைகிறது?

முதல் மாதம் கட்டும் 13 ஆயிரத்து 17 ரூபாயில் 10 ஆயிரத்து 625 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 2 ஆயிரத்து 392 ரூபாய்தான். பாதி அசல் தீர 13 ஆண்டு 10 மாதம் ஆகும். 20 ஆண்டில் கட்டி முடிக்கும் மொத்தம் 31 லட்சத்து 24 ஆயிரம்.

இதையே 15 ஆண்டாக வைத்தால் தவணை 14 ஆயிரத்து 771. மாதம் 1,754 ரூபாய்தான் கூடுதல். ஆனால் மொத்தத்தில் 4 லட்சத்து 65 ஆயிரம் மிச்சம்!

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் பாங்கிகள் அபராதம் போடக்கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டுவிட்டது. ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே 20 ஆண்டுக் கடன் 3 ஆண்டுக்கு மேல் முன்னதாக முடியும்.

ஏறிய வட்டி

வட்டி நின்ற இடத்தில் நிற்காது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி 2023 பிப்ரவரியில் ஆறரை ஆனது. அதோடு இணைந்த வீட்டுக் கடன்களும் ஏறின. 2025-ல் ரெப்போ இறங்கி, டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது.

7 சதவீதத்தில் 15 லட்சம் வாங்கியவருக்குத் தவணை 11 ஆயிரத்து 629. வட்டி ஒன்பதரை ஆனால், அந்த 15 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 11 ஆயிரத்து 875! பழைய தவணை வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்குப் பதில் வளரும்.

வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரர் தேர்வு செய்ய வாய்ப்பு தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கி கூறியது. கேட்டுப் பெற வேண்டியது நம் பாடு.

புயலும் பொருட்படுத்தாது

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் இந்த மாவட்டத்தின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புதுக் கன்று காய்க்க ஆண்டுக் கணக்காகும். மொய் எழுத வேண்டியவர் கையிலும் காசில்லை, வாங்க வேண்டியவர் கையிலும் காசில்லை. தவணைத் தேதி மட்டும் தவறாமல் வந்தது.

2020-ல் கொரோனாவின்போது 6 மாதம் தவணை கட்டாமல் தள்ளிவைக்க அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த 6 மாதத்துக்கும் வட்டி ஓடியது. 3 மாதத் தவணையாவது கையிருப்பில் வைக்காமல் வீட்டு வேலையைத் தொடங்குவது ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

சிறுகக் கட்டி...

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. "சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்று பெரியவர்கள் சொன்னது சும்மா அல்ல.

முதலில் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. மாடிக்குத் தோதாகத் தூண்களை மட்டும் பலமாகப் போட்டுவிட்டால் மீதியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். கடன் 10 லட்சத்தோடு நின்றால் 20 ஆண்டுத் தவணை 8 ஆயிரத்து 678. மொய்யையும் சேர்த்தால் 15 ஆயிரத்து 345. நமது வீட்டுக்காரர் கையில் 19 ஆயிரத்து 655 நிற்கும். மூச்சு விடலாம்.

நகர்ப்புறத்தில் சொந்த வீடே இல்லாத, ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு, 2024-ல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை வட்டி மானியம் உண்டு. கடன் 25 லட்சத்துக்குள்ளும் வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும்.

மனை விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ளக்கூடாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016-ல் சென்னை ஐகோர்ட்டு தடை போட்டபோது முழித்தவர்கள் ஏராளம். அங்கீகாரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் சரியாக இல்லாத மனைக்குப் பாங்கி கதவு திறக்காது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பாங்கித் தவணை, மொய், வாடகை, நகைக் கடன் வட்டி நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். வருகிற கூட்டுத்தொகையை இப்போதே 6 மாதம் தனியாக ஒதுக்கிப் பாருங்கள். குடும்பம் தாங்கினால் தாராளமாக அஸ்திவாரம் தோண்டலாம். தாங்காவிட்டால், ஒதுக்கிய 6 மாதப் பணம் கடனைக் குறைக்க உதவும்!